இரண்டாம் சரணத்தில் ஒரு டீ

“தனியா வாசிக்கப் போறீங்களா?” என்று கடைக்காரர் கேட்டார்.

இந்தக் கேள்வியை அவர் கொஞ்சம் மெதுவாகக் கேட்டிருக்கலாம். கிட்டார் கம்பி வாங்க வந்த நாலு பேர் கடையில் நின்றார்கள். நாலு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மனைவி ஓடிப்போனவனைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. மனைவி என் பக்கத்திலேயேதான் நின்றாள். ஓடிப்போனது என் குழு.

இருபத்திரண்டு வருடம் ஐந்து பேராக மேடை ஏறியிருக்கிறோம், நான் கீபோர்டு. போன வருடம் டிரம்மர் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். பேஸ் கிட்டார்காரர் மகள் வீட்டோடு போய்விட்டார். பாடகரும் கிட்டார்காரரும் புதுக் குழு ஆரம்பித்தார்கள். அதில் ஊரிலிருக்கிற வாத்தியக்காரர் எல்லோரையும் ஞாபகமாகச் சேர்த்துக்கொண்டவர்கள் என்னை மட்டும் மறந்துவிட்டார்கள். மறதி எல்லா மனிதருக்கும் வருவதுதான், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை அந்தப் பாடகரின் போனை எடுக்கவும் இல்லை.

என் நிலைமையைக் கேள்விப்பட்டு முதலில் ஓடிவந்தது மச்சான். என் மனைவியின் அண்ணன், டைல்ஸ் கடை முதலாளி.

“மாப்ளே, கவலையே படாதீங்க. கல்லாவுல உட்கார ஆள் தேவைப்படுது. உங்களுக்குன்னே சுத்துற நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன்” என்றார். நல்ல மனசுதான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கெட்ட மனசுக்காரனாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்தால் பிறகு ஆயுள் முழுக்கக் குளியலறைச் சுவருக்கு எந்த நிறம் எடுப்பாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டாவதாக வந்தவன் பட்டன்.

அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவனே நான்தான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஒரு ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் சனிக்கிழமை மதியம்தோறும் அரேஞ்சர் கீபோர்டில் தனியாக வாசிக்கிறவன். அரேஞ்சர் என்றால், இடது கையால் ஒரு கார்டை, அதாவது மூன்று நாலு சுரத்தைச் சேர்த்து, பிடித்தால் போதும், உள்ளேயிருந்து டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் கிளம்பி அந்தக் கார்டுக்குத் தகுந்தபடி வாசிக்கும். பாட்டை ஆரம்பிக்க ஒரு பட்டன், முடிக்க ஒரு பட்டன். “அதெல்லாம் வாசிப்பாடா? லிஃப்டுல ஏறி அஞ்சாம் மாடிக்கு அமுக்கற மாதிரி” என்று பத்துப் பேர் முன்னால் அவனைக் கேட்டிருக்கிறேன். அவனும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பான்.

“அண்ணா, எனக்கு உல்லாசக் கப்பல்ல வேலை கிடைச்சிருக்கு” என்றான். “ஓட்டல் மேனேஜர்கிட்ட உங்க பேரைச் சொல்லியிருக்கேன். ரெண்டு சனிக்கிழமை வாசிச்சுக் காட்டச் சொல்றார். பிடிச்சா நிரந்தரம். ஆனா அரேஞ்சர் வாங்கிக்கோங்கண்ணா. தனியா உட்கார்றவனுக்கு அதுதான் சரி. அப்புறம், மூணாம் மேஜைல ஒருத்தர்...”

“எனக்கு எந்த மேஜையைப் பத்தியும் சொல்ல வேண்டாம். இருபத்திரண்டு வருஷ அனுபவம்” என்றேன்.

இந்தப் பின்னணியோடுதான் கடையில் நின்றேன். கடைக்காரர் இரண்டு விதக் கீபோர்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது பக்கம் அரேஞ்சர். வலது பக்கம் ஒர்க்ஸ்டேஷன், கறுப்பாக, கனமாக, விமானி அறையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தது போல. அதில் ஒவ்வொரு வாத்தியத்தையும் நாமே ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து உள்ளே பதிந்து வைக்க வேண்டும். மேடையில் அது அப்படியே திரும்ப ஓடும், அதன்மேல் நாம் வாசிக்கலாம்.

“இது நீங்க சொல்றதைக் கேக்கும்” என்று அரேஞ்சரைத் தட்டினார் கடைக்காரர். “அது நீங்க முன்னாடி சொன்னதை ஞாபகம் வச்சிருக்கும். தனியா வாசிக்கறதுன்னா இதுதான் சார் வசதி.”

“கலைஞனுக்கு வசதி முக்கியமில்லை” என்றேன், அந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, என்ன காரணத்தாலோ, என் இடது கையைப் பார்த்தாள். அதைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

“பதினஞ்சு நாளைக்குள்ள மாத்திக்கலாம். பெட்டியும் தெர்மாகோலும் மட்டும் உடையாம இருக்கணும்” என்றார் கடைக்காரர். நான் மாற்றுகிற ஆளா? ஒர்க்ஸ்டேஷனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த பத்து நாளும் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தேன். பதினொரு பாட்டு. டிரம்ஸை விரலால் தட்டித் தட்டிப் பதிந்தேன். எங்கள் டிரம்மர் சரணத்தில் எப்போதும் தாளத்தைக் கொஞ்சம் முந்திக்கொண்டு ஓடுவார். அந்த ஓட்டத்தைக்கூட விடாமல் அப்படியே பதிந்தேன். பதினொன்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்தேன். முதல் பாட்டுக்கு ஒரு பட்டன் அமுக்கினால் கடைசிப் பாட்டு வரை தானாகப் போகும். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் சரியாக எட்டு விநாடி இடைவெளி விட்டேன்.

“என்னங்க, நின்னுபோச்சு?” என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

“நிக்கல. கைதட்டல்.”

“யாரு தட்டறா?”

“தட்டுவாங்க. அதுக்குத்தான் எட்டு செகண்ட் விட்டிருக்கேன்.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் எட்டு விநாடி நின்று மறுபடி தொடங்கியது.

முதல் சனிக்கிழமை. ஓட்டல் கூடத்தில் பதினாலு மேஜை, ஒரு மூலையில் அரை அடி உயர மேடை. மச்சான் குடும்பத்தோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். பட்டனை அமுக்கினேன். முதல் பாட்டு அற்புதமாக ஓடி முடிந்தது. எட்டு விநாடி வந்தது. யாரும் கைதட்டவில்லை. கரண்டிகளும் தட்டுகளும் மட்டும் பேசிக்கொண்டன. சாப்பிடுகிறவன் எந்தக் கையால் தட்டுவான்? அதை நான் யோசிக்கவில்லை. எட்டு விநாடியும் கையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து அசடு வழியச் சிரித்தேன். எட்டு விநாடி எவ்வளவு நீளம் என்பது அப்படிச் சிரித்துப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். மூன்றாவது இடைவெளியில் மச்சான் மட்டும் எழுந்து தட்டினார். அது இன்னும் மோசம்.

நாலாவது பாட்டு முடியும்போது மேனேஜர் மேடையருகே வந்தார். பின்னால் வெள்ளைத் தலை, வெளுத்த சட்டை, கையில் மைக்கை வாங்கத் தயாராக ஒரு மனிதர்.

“மூணாம் மேஜை சார். வாரா வாரம் வருவார். அவர் வீட்டம்மாவுக்காக ஒரு பாட்டுப் பாடுவார். இவர் பாடாம போனா மதியம் பூரா எனக்குத் தலைவலி” என்று காதில் சொல்லிவிட்டு, ஒரு பழைய காதல் பாட்டின் முதல் வரியைச் சொன்னார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதுதான் சங்கிலியில் ஐந்தாவது பாட்டு! “இருக்கு!” என்று கத்திவிட்டேன்.

பாட்டு தொடங்கியது. மனிதர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமினார். பாடவில்லை. “இந்தப் பாட்டை நான் முதல்முதல்ல இவளுக்குப் பாடினது ஒரு பஸ் ஸ்டாப்ல...” என்று ஆரம்பித்தார். முன்னிசை முடிந்தது. பல்லவி போனது. பஸ் இன்னும் வரவில்லை. அவர் கதை முடிந்து பல்லவிக்கு வாயைத் திறந்தபோது மெஷின் புல்லாங்குழலில் இடையிசைக்குப் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். மெஷின் யாரையும் பார்க்கவில்லை. சரணத்தில் டிரம்மரின் அந்தப் பழைய ஓட்டம் வேறு வந்தது. அவர் மூச்சு வாங்கத் துரத்தினார். இரண்டாம் சரணத்தில் ஒரு வரி மறந்து மேஜையிலிருந்த வீட்டம்மாவைப் பார்த்து அவர் நிற்க, மெஷின் தடதடவென்று முத்தாய்ப்பு வைத்து முடித்தேவிட்டது. அந்த அமைதியில் அவர் தனியாக, சுருதியில்லாமல், “ம்ம்ம்” என்று வரியைத் தேடிக்கொண்டிருந்தார். நிறுத்துகிற பட்டனை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

சரியாக எட்டு விநாடி. ஆறாவது பாட்டு, குத்தாட்டம், தொடங்கியது.

மனிதர் மைக்கைப் பூப்போல மேடையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்த அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். எனக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“சார், மெஷின் நல்லா வாசிக்குது” என்றார் மேனேஜர் பிறகு. “நீங்க எதுக்குன்னுதான் புரியல. அடுத்த வாரம் ஒண்ணு பாக்கி இருக்கு, வாங்க.”

வாசலில் மச்சான் காத்திருந்தார். “மாப்ளே, நாற்காலிக்கு உறையைப் பிரிச்சிடவா?” என்றார். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

“ஏன் அரேஞ்சர் வேண்டாம்னீங்க? நிஜத்தைச் சொல்லுங்க.”

“அதுல கலை இல்லை.”

“உங்களுக்கு இடது கை வராது. அதானே?”

பிடிபட்டுவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாக என் இடது கை மேடையில் எதுவும் வாசித்ததில்லை. தாழ்ந்த சுரத்துக்குப் பேஸ் கிட்டார் இருந்தது, கார்டுக்குக் கிட்டார் இருந்தது. என் வலது கை புல்லாங்குழலும் வயலினுமாகப் பறந்துகொண்டிருக்கும். இடது கைக்கு ஒரே வேலை: இரண்டாம் சரணம் வந்ததும் வலது கை ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொள்ள, இடது கை கீபோர்டின் ஓரத்திலிருக்கும் டீயை எடுக்கும். எல்லாக் கச்சேரியிலும், எல்லாப் பாட்டிலும், இரண்டாம் சரணம் என்றால் எனக்கு டீ. இடது கையால் கார்டு பிடிக்காதவனுக்கு அரேஞ்சர் வெறும் பலகை. பட்டனை நான் கேலி செய்த காலமெல்லாம் அவனுடைய இடது கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

“நான் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல பதினெட்டு வருஷமா பத்து விரலாலயும் டைப் அடிக்கறேன். இடது கைக்குன்னு தனியா யாரும் எனக்கு விருது கொடுக்கல. ஒரு வாரம் இருக்கு. போய் மாத்திட்டு வாங்க” என்றாள்.

“பெட்டி?”

கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். உள்ளே தெர்மாகோல் ஒரு மூலை கூட உடையாமல், பாலிதீன் மடிப்புக் கலையாமல், டேப்பைக்கூடக் கிழிக்காமல் நறுக்கி எடுத்து வைத்திருந்தது. வாங்கிய அன்றே பத்திரப்படுத்தியிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினேன்.

அரேஞ்சர் வீட்டுக்கு வந்தது. அதன் விளக்கப் புத்தகத்தை மனைவி பஸ்ஸிலேயே படித்து முடித்துவிட்டாள்.

“இங்க பாருங்க. இதுல ஒரு ஸ்விட்ச் இருக்காம். அதைப் போட்டு வச்சா, இடது கையை எடுத்த நிமிஷம் டிரம்ஸ், பேஸ் எல்லாம் நின்னுடுமாம். கையை வச்சா மறுபடி ஓடுமாம். போட்டு வைங்க. நீங்க கையைத் தூக்கினா சமையலறையில இருக்கற எனக்குத் தெரிஞ்சுடும்.”

ஜெயிலில்கூட இப்படி ஒரு ஏற்பாடு இருக்காது. ஏழு நாள். கையைத் தூக்கினால் வீடே கப்சிப். “கை!” என்று உள்ளேயிருந்து குரல் வரும். போனை எடுத்தால், கை. தலை சொறிந்தால், கை. ஈ உட்கார்ந்தால்கூட ஊதித்தான் விரட்டினேன். வாசிக்கும்போது டீ அறவே ரத்து. முதல் மூன்று நாள் சுண்டுவிரல் ஒரு பக்கமும் மற்றவை ஒரு பக்கமும் இழுத்தன. நாலாம் நாள் கார்டு மாறியபோது பேஸ் என் விரலோடு சேர்ந்து மாறியது. நான் மேஜர் பிடித்தால் மொத்தக் குழுவும் மேஜர், மைனர் பிடித்தால் மொத்தக் குழுவும் மைனர். குழுவில் நான் சொன்னதை ஒரு நாளாவது யாராவது கேட்டிருப்பார்களா? முன்னறையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மச்சான் அதே ஜன்னலோரம். இன்று போனால் போனதுதான் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

முதல் மூன்று பாட்டில் இடது கை கட்டைகளை விட்டு எழவில்லை, ஒட்டவைத்த மாதிரி கிடந்தது. சிப்பந்தி ஒருவர் மரியாதையாக ஒரு கப் டீயைக் கொண்டுவந்து கீபோர்டின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்றாம் மேஜைக்காரர் தன் நாற்காலியை விட்டு அசையவில்லை. போன வாரம் பட்ட சூடு. நானே மைக்கை எடுத்துக்கொண்டு போனேன். “சார், இன்னிக்கு நீங்க எப்ப ஆரம்பிச்சாலும் சரி. நாங்க காத்திருப்போம்” என்றேன். நாங்கள் என்று சொன்னது எனக்கே பிடித்திருந்தது.

பஸ் ஸ்டாப் கதை இந்த முறை முழுதாக வந்தது. முதல் கார்டிலேயே கையை வைத்துக் காத்திருந்தேன். டிரம்ஸ் காத்திருந்தது, பேஸ் காத்திருந்தது. அவர் பல்லவியைத் தொட்டதும் கார்டை மாற்றினேன், எல்லோரும் கூடவே வந்தார்கள். ஒரு வரியை இரண்டு தடவை பாடினார். நாங்களும் இரண்டு தடவை போனோம். இருமினார், சுற்றி வந்தோம். முதல் சரணம் கரை சேர்ந்தது. மேனேஜர் சமையலறைக் கதவருகே நின்று தலையாட்டுவது தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

அந்த அப்பாடாவில்தான் இரண்டாம் சரணம் வந்தது.

இருபத்திரண்டு வருடப் பழக்கம் ஏழு நாளில் போகுமா? வலது கை தானாக ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்தது. இடது கை தானாக எழுந்து டீயை நோக்கிப் போனது. மனைவி போடச் சொன்ன ஸ்விட்சை நான் அணைக்க மறந்திருந்தேன்.

டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் ஒரே வெட்டில் நின்றன. என் வலது கையும் பயந்து எழுந்துவிட்டது. கூடத்தில் பொட்டுச் சத்தம் இல்லை. பதினாலு மேஜையிலும் கரண்டிகள் வாய்க்குப் போகும் வழியில் நின்றன. தூணோரத்தில் மனைவியின் உதடு அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை கப்பின் காதில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சுழல் நாற்காலி என் கண்முன்னால் ஒரு சுற்றுச் சுற்றியது.

மூன்றாம் மேஜைக்காரர் நிறுத்தவில்லை. போன வாரம் தொலைத்த அந்த வரிக்கு வந்திருந்தார். வெறும் குரலில், மெதுவாக, பாதி வரி வரை வந்து தடுக்கினார். மீதிப் பாதியை மேஜையிலிருந்து அந்த அம்மா பாடினார். மெல்லிய, உடைந்த குரல். பல வருடமாகப் பாட்டை வாங்கிக்கொண்டு மட்டும் இருந்தவர் முதல்முறையாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் திகைத்துப்போய் அடுத்த வரியை எடுத்தார். அந்த அம்மா அதற்கடுத்ததை எடுத்தார். நாலு வரி. நான் அசையவில்லை. பயம் போய்விட்டிருந்தது. இப்போது கையை வைத்தால் அது பாவம் என்று மட்டும் தோன்றியது.

நாலாவது வரி முடிந்து அவர் பல்லவிக்கு மூச்செடுத்தபோது இடது கையை இறக்கினேன். மொத்தக் குழுவும் ஒரே அடியில் உள்ளே வந்தது. கூடமே கரண்டியைப் போட்டுவிட்டுக் கைதட்டியது. எட்டு விநாடிக்கு மேல். நான் எண்ணவில்லை. மனைவி எண்ணியிருக்கிறாள், இருபத்தாறு.

மேனேஜர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “சார், அந்த நிறுத்தம்! எப்படி சார் தோணிச்சு? வாரா வாரம் அது வேணும். அதே இடத்துல. நீங்க நிரந்தரம்.”

“அனுபவம்” என்றேன்.

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டே, அந்த நாற்காலியை வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகவும் அதில் உட்கார்ந்து நான் பழகிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

“டீ தானே?” என்றாள்.

“கலை.”

“டீ.”

“டீதான்” என்றேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் கீபோர்டின் ஓரத்தில் ஒரு கப் டீ வைக்கிறார்கள். இரண்டாம் சரணம் வந்ததும் அதைப் போய்த் தொடுவேன். எல்லாம் நிற்கும். மூன்றாம் மேஜையில் இரண்டு பேரும் நாலு வரி பாடுவார்கள். அந்த டீயைக் குடிக்க மட்டும் எனக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை. அவர்கள் பாடும்போது எப்படிக் குடிப்பது? ஆறிப்போய் அப்படியே திரும்பிப் போகும். பட்டனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன், பழைய பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டேன். “மூணாம் மேஜையைப் பத்திச் சொல்ல வந்தேனே அண்ணா” என்று நடுக்கடலிலிருந்து சிரித்தான்.

கச்சேரி முடிந்ததும் பின்பக்கப் படிக்கட்டில் மனைவி ஃப்ளாஸ்க்கோடு காத்திருக்கிறாள். ஒரு டம்ளரில் எனக்குச் சூடாக ஊற்றித் தருகிறாள். இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறேன்.